அடுத்தவர் வைவாவுக்குப் போங்கள்: நெல்லைப் பக்கத்து ஆய்வு மாணவர்களுக்கு

அப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எனக்கு மூன்றாவது வருடம். திருநெல்வேலிக் குளங்களுக்கு வலசை வரும் நீர்ப்பறவைகள்தான் தலைப்பு. அரையாண்டு முன்னேற்றத்தை வாசித்து முடித்ததும் ஆலோசனைக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் கேட்டார்: "நீங்க பார்க்காத பறவை அந்தக் குளத்துல இல்லவே இல்லன்னு எப்படிம்மா சொல்லுதீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு குளத்துக்கு ஒரே ஒரு தடவை போய் எண்ணிவிட்டு, கண்ணில் படாததையெல்லாம் அட்டவணையில் 'இல்லை' என்று போட்டு வைத்திருந்தேன். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு குளத்துக்கும் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருந்தது. இன்னொரு வலசைக் காலம் முழுக்க அதற்கே போயிற்று.

அப்புறம்தான் தெரிந்தது. அதே கேள்வியை இரண்டு மாதம் முன்னால் பக்கத்துக் கட்டடத்தில் நடந்த ஒரு வைவாவில், அதாவது ஆய்வேடு கொடுத்த பிறகு நடக்கும் வாய்மொழித் தேர்வில், கேட்டிருக்கிறார்கள். தவளைகளைப் பற்றி ஆய்வு செய்த ஓர் அக்கா அதற்குப் பொறுமையாகப் பதிலும் சொல்லியிருக்கிறார். அந்த வைவாவின் அறிவிப்பு எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்துப் பலகையில்தான் ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் ஆய்வகத்துக்கு ஏறியிருக்கிறேன்.

அதனால், வளாகத்தில் எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்று புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: அடுத்தவர் வைவாவுக்குப் போங்கள். உங்கள் வைவாவுக்கு முன்னால் குறைந்தது பத்து வைவா பார்த்திருக்க வேண்டும். அழைப்பு வரவில்லையே என்று தயங்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி அது பொது வாய்மொழித் தேர்வு. ஆலோசனைக் குழு, ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டியது.

போகிற முறை ஒன்று உண்டு. அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை நூலகத்தில் பார்வைக்கு இருக்கும் என்று பெரும்பாலும் அதிலேயே போட்டிருப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பொருளடக்கம், ஆய்வு முறை இயல், முடிவுரை இவற்றை மட்டும் படியுங்கள். நீங்களே தேர்வாளர் என்று நினைத்து மூன்று கேள்வி எழுதுங்கள். மறுநாள் அதில் எத்தனை உள்ளே கேட்கப்படுகிறது என்று பாருங்கள். எனக்கு முதல் நான்கு வைவாவில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஐந்தாவதில் இரண்டு வந்தது.

கதவோரக் கடைசி வரிசை வேண்டாம். டிபன் தட்டு வந்து இறங்கும் இடம் அது, காதில் ஒன்றும் விழாது. இரண்டாவது வரிசை ஓரத்தில், பேசுகிறவர் முகமும் தேர்வாளர் முகமும் தெரிகிற மாதிரி உட்காருங்கள். ஒரு நீள நோட்டில் இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் அவர் சொன்ன பதில். அதற்குக் கீழே 'என்னிடம் கேட்டால்?' என்று எழுதி இரண்டு வரி இடம் விடுங்கள். அந்த இரண்டு வரியை அன்றைக்கு ராத்திரியே நிரப்பிவிட வேண்டும். மறுநாள் என்றால் மறந்துபோகும்.

மாணவர் தன் ஆய்வைத் திரையில் காட்டிப் பேசும்போது கை வலிக்க எழுத வேண்டியதில்லை. ஆய்வேட்டைத் திருத்திய வெளித் தேர்வாளர்கள் அறிக்கையில் எழுப்பியிருக்கும் கேள்விகளை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிற கட்டம் ஒன்று வரும். அங்கே பேனாவை எடுங்கள். ஒருவர் மாதங்களாக யோசித்துத் தயாரித்த பதில் அது.

உங்கள் துறையோடு நிற்காதீர்கள். ஒரு தடவை தமிழ்த்துறை வைவாவில் போய் உட்கார்ந்தேன். "மேற்கோள் காட்டுன பாட்டெல்லாம் எந்தப் பதிப்பு? பாடபேதம் பார்த்தீங்களா?" என்று கேட்டார் தேர்வாளர். அந்த மாணவர் இயல் இயலாகப் பதிப்பாண்டைச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து என் ஆய்வேட்டைப் புரட்டினால், பறவைகளின் அறிவியல் பெயர்களை எந்தப் பட்டியலின் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தேன் என்று எங்கேயும் குறிக்கவில்லை. அன்றைக்கே சேர்த்தேன்.

முடிந்ததும் ஓடிவராதீர்கள். அந்த மாணவரின் அம்மா பட்டுச்சேலையில் வந்து, "சாப்ட்டுட்டுத்தான் போணும்" என்று கேசரியும் வடையும் வைத்த தட்டை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இருபது நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து இன்றைக்கு வரை எத்தனை மாதம், எந்த மேசையில் கோப்பு நின்றது, எந்தச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்ற விவரமெல்லாம் அன்றைக்குத்தான் அவர்கள் வாயிலிருந்து முழுசாக வரும். தேர்வாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும். அவருக்கு ரயில் பிடிக்க வேண்டியிருக்கும்.

நெறியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சால்வை, அல்வாப் பொட்டலம், எல்லாருக்கும் மதியச் சாப்பாடு என்று இந்தச் செலவை உதவித்தொகை இல்லாத பிள்ளைகள் கடன் வாங்கிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். 'டீயும் பிஸ்கட்டும் போதும்' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களாகச் சொல்ல முடியாது.

கருத்தரங்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் கட்டும் முன் ஒரு கட்டுரைக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் என்றால் சான்றிதழ் மட்டும்தான் கிடைக்கும். 'மூன்று நாளில் வெளியீடு' என்று வாட்ஸப்பில் வரும் இதழ்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். 2022 விதிமுறையில் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், ஆகவே தேர்வு உங்கள் கையில். ஆசிரியர் குழுவில் உங்கள் துறைக்காரர் யார் என்று பெயர் பெயராகப் பாருங்கள்.

நூலகத்தில் பலரும் கேட்காமலே விடுவது மின்னிதழ்கள். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. கல்லூரியில் இருப்பவர்கள், கல்லூரிகளுக்கு மின்னிதழ் தரும் என்-லிஸ்ட் சேவையில் கணக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். எனக்கு அந்தக் கணக்கைத் தொடங்கித் தந்த நூலக அண்ணாச்சி, "நீங்களா வந்து கேட்டாத்தானேம்மா தெரியும்" என்றார். அதற்குள் இரண்டு வருடம் போயிருந்தது.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் துறை ஆய்வேடுகளைத் திறந்ததும் முதலில் நன்றியுரையைப் படியுங்கள். எந்த ஆய்வகம் எந்தக் கருவியைக் கொடுத்து உதவியது, எந்தக் களப்பணியாளர் கூட வந்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். கருவி இங்கே இல்லையென்றால் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். நாட்டில் எந்த நிறுவனத்தில் எது இருக்கிறது என்று பார்த்து அங்கேயே முன்பதிவும் செய்யலாம்.

வளாகத்துக்கு வெளியேயும் நமக்கு இடம் இருக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம், 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரி வாக்கில் வரும், தன்னார்வலராகச் சேரலாம். விலங்கியல் படித்திருக்க வேண்டும் என்று இல்லை. கணிதத்துறைத் தம்பி ஒருவன் என்னோடு நயினார்குளத்தில் நின்று எண்ணினான், புள்ளியியல் ஆய்வுக்கு அவனுக்கு அங்கேதான் யோசனை கிடைத்தது. கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் போய்வாருங்கள். உங்கள் ஆய்வை ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். தடுமாறும் இடம் எதுவோ, தேர்வாளரும் அங்கேதான் கை வைப்பார்.

மேலாய்வுக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு, போகிறவர்கள் ஆய்வேடு கொடுத்த அன்றைக்கே தேட ஆரம்பியுங்கள், பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மேலாய்வு உதவித்தொகைக்கு, ஆய்வேடு சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் கிடைக்கும். வயது வரம்பு 35, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு உண்டு. தமிழ் படித்தவர்கள் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள். நான் இப்போது மேலாய்வில்தான் இருக்கிறேன். இங்கே நம் மாதிரி ஆட்கள் குறைவு, துறைக்கு ஒருவர் இருந்தால் பெரிது. அதனால் அடுத்த துறை மேலாய்வாளரோடு மாதம் ஒரு தடவையாவது உட்கார்ந்து, திட்ட முன்மொழிவுகளை மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

விடுப்பும் ஓர் உதவிதான். பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு, முடிக்கும் காலத்திலும் 2 வருடத் தளர்வு உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம். மனசு தாங்காத நாட்களில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக, நான்கு பேர் சேர்ந்தால் நீங்களே ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி, ஒரு வகுப்பறை, ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும், மற்ற மூவரும் அவரவர் வைவா நோட்டிலிருந்து தலா இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அறைச் சாவியை மட்டும் வியாழக்கிழமையே அலுவலகத்தில் சொல்லி வாங்கிவையுங்கள். ஐந்தரைக்கு முடித்துவிட்டால் அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் போகிறவர்களும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.