வெள்ளை பூத்த லாக்கரும் பியூட்டைல் அசிடேட்டும்

குன்னூரில் மழைக்காலத்தில் மரச்சாமானுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூச்சு அடிப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான் இது. அடித்த கொஞ்ச நேரத்தில் பரப்பு முழுக்கப் பால் போல வெளுத்துவிடும். என் தேக்கு அலமாரிக்கும் அதே கதி. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்கள். தேவையே படவில்லை.

காரணம், லாக்கரை நீர்க்கவைக்கக் கலக்கும் தின்னர். மலிவு தின்னரில் சட்டென்று பறந்துவிடும் சரக்குதான் அதிகம். அப்படி ஒன்றான எத்தில் அசிடேட்டின் கொதிநிலை 77 டிகிரி. ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த பரப்பில் மூடுபனியின் ஈரம் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது.

பியூட்டைல் அசிடேட்டும் கரைப்பான்தான், ஆனால் நிதானமான ஆள். கொதிநிலை ஏறக்குறைய 126 டிகிரி. பெயிண்ட் தொழிலில் இது ஆவியாகும் வேகத்தைத்தான் 1 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் எத்தில் அசிடேட் 4 வரும்.

சரி, வைத்தியம் இதுதான்: ஸ்ப்ரே கன்னில் வெறும் பியூட்டைல் அசிடேட்டை ஊற்றி, வெளுத்த இடங்களில் மெல்லிசாகத் தூவினேன். என்.சி. படலம் கரைப்பான் பட்டால் மறுபடி இளகும். ஈரம் வெளியேறி, மரத்தின் ரேகை தெளிந்து வந்தது. பி.யூ. (பாலியூரித்தேன்) மாதிரி இறுகிவிடும் பூச்சுக்கு இது பலிக்காது. அடுத்த கோட்டுக்குத் தின்னரிலேயே கொஞ்சம் கலந்துகொண்டேன். அதிகமானால் காயாமல் வழியும்.

பழ வாசம்தானே என்று ஏமாறக் கூடாது, தலை சுற்றும். 22 டிகிரியிலேயே இதன் ஆவி நெருப்புப் பட்டால் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்தும் போகும். குளிருக்குக் கணப்பு மூட்டும் வீடென்றால், பக்கத்து அறையிலும் நெருப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள்.