குவாண்டம் கிணற்றின் ஒளிர்வை அளப்பது எப்படி: 808 நானோமீட்டரில் காத்திருக்கும் பொய்

கேலியம் ஆர்சனைடை 10 நானோமீட்டர் தடிமனுக்கு வளர்த்து, இருபுறமும் அலுமினியம் கேலியம் ஆர்சனைடால் அடைத்தால் கிடைப்பது குவாண்டம் கிணறு; அந்தக் குறுக்குத் திசையில் எலக்ட்ரானுக்குத் தனித்தனி ஆற்றல் மட்டங்கள்தான் மிஞ்சும். 1974-இல் பெல் ஆய்வகத்தின் டிங்கிள், வீக்மன், ஹென்றி மூவரும் இதை ஒளி உறிஞ்சலில் காட்டினார்கள். ஒளிர்வில், அதாவது லேசர் பட்டதும் மாதிரி உமிழும் ஒளியில், பார்ப்பது இன்னும் எளிது.

மாதிரியின் ஒரு மூலையில் மட்டும் சில்வர் பெயின்ட் வைத்து ஒட்டுங்கள். முதுகு முழுக்க ஒட்டினால் குளிரும்போது இழுபட்டு, நிறமாலையில் ஒளிர்வின் உச்சி இடம் மாறிவிடும். மாதிரியைக் குளிர்விக்கும் வெற்றிடக் கலமான கிரையோஸ்டாட்டில் அழுத்தம் ஒரு மில்லிபாரின் லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன பிறகே குளிரூட்டத் தொடங்குங்கள். அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் நீராவி மாதிரியின் மேலேயே உறையும், சிக்னல் மெல்ல மெல்லச் சரியும். 10 கெல்வின் போதும்.

532 நானோமீட்டர் லேசரை 100 மைக்ரோவாட்டுக்குக் குறைத்து, 50 மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவியுங்கள். அதைச் சாய்வாக விழச் செய்தால் பிரதிபலிப்பு லென்சுக்குள் வராது. அந்தப் பிரதிபலிப்பை ஒரு கறுப்புத் தடுப்பில் நிறுத்துங்கள். 532-க்கு உரிய கண்ணாடி அணியாமல் சரிசெய்யும் வேலையில் இறங்கவே வேண்டாம். ஒளியை அலைநீள வாரியாகப் பிரிக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிளவுக்கு முன்னால், 550 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் லாங்-பாஸ் ஃபில்டர் வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பச்சை லேசர்களில் பெரும்பாலானவற்றை உள்ளே இயக்குவது 808 நானோமீட்டர் டையோடு. அதன் கசிவு லாங்-பாஸ் ஃபில்டரைத் தாராளமாகக் கடந்து, கிணற்றின் உச்சி வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். லேசரின் வாயிலிலேயே, 532-ஐ ஒட்டிய ஒளியை மட்டும் விடும் பேண்ட்-பாஸ் ஃபில்டர் வையுங்கள். மாதிரி இருந்த இடத்தில் வெள்ளிக் கண்ணாடியை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்: அப்போதும் உச்சி தெரிந்தால் அது லேசருடையது. வெப்பநிலையை ஏற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. கிணற்றின் உச்சி அறை வெப்பநிலைக்குள் ஏறத்தாழ 850 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடும், கசிவு அசையாது.

அரை மீட்டர் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதற்குள் ஒளியைப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 1200 கோடுள்ள கிரேட்டிங், 50 மைக்ரோமீட்டர் பிளவு இருந்தால் பிரிதிறன் சுமார் 0.15 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அலைநீள அளவை ஆர்கான் விளக்கின் 794.82, 801.48, 811.53 கோடுகளைக் கொண்டு சரிபாருங்கள். நியான் கோடுகள் செறிவாக இருப்பது சிவப்புப் பகுதியில்தான். இங்கே அவை அவ்வளவு உதவாது.

10 நானோமீட்டர் கிணறு 800 நானோமீட்டரை ஒட்டி, அதாவது சுமார் 1.55 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒளிரும். 818-இல் தெரிவது அடித்தள கேலியம் ஆர்சனைடின் எக்சிட்டான் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த இணை), 830-இல் தெரிவது கார்பன் மாசு. லேசர் திறனைக் கூட்டினால் கிணற்றின் உச்சி அதே விகிதத்தில் வளரும். கார்பன் உச்சி பின்தங்கும்.

உச்சி இரண்டாகப் பிளந்து, இடைவெளி 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருந்தால், கிணற்றின் தடிமன் இடத்துக்கு இடம் ஓர் அணு அடுக்கு, அதாவது 0.283 நானோமீட்டர், வேறுபடுகிறது என்று சந்தேகியுங்கள். ஆனால் சீரான இடைவெளியில் பல அலைகள் தெரிந்தால் குற்றவாளி கேமரா. பின்புறம் வழியாக ஒளியை ஏற்கும் சிசிடி என்னும் கேமரா சில்லின் மெல்லிய சிலிக்கானுக்குள் அகச்சிவப்பு ஒளி முன்னும் பின்னும் பிரதிபலித்து உண்டாக்கும் வரிகள் அவை. வெண்விளக்கின் நிறமாலையை அதே அமைப்பில் எடுத்து, மாதிரியின் நிறமாலையை அதனால் வகுத்துவிடுங்கள்.