நூலக நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் போடணுமா? கேன்வால இப்படி செஞ்சு பாருங்க

ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நவம்பர் 14ல இருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம், இந்த ரெண்டுக்கும் எல்லா ஊர் லைப்ரரிலயும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும், ஆனா நோட்டீஸ பாத்தா எழுத்து பொடியா நெருக்கி அடிச்சிருக்கும், யாரும் நின்னு படிக்க மாட்டாங்க. நல்லா தெரியுற மாதிரி நோட்டீஸ் செய்ய, கேன்வாங்கற (Canva) டிசைன் ஆப்போட இலவச அக்கவுண்டே தாராளமா போதும். கிரீட அடையாளம் போட்ட படம், டெம்ப்ளேட் (ரெடிமேட் டிசைன்) எல்லாம் காசு கட்டுறவங்களுக்கு, அத விட்டுடுங்க.

முக்கியமான விஷயம் ஃபான்ட்டு தான். டெம்ப்ளேட்ல இருக்குற இங்கிலீஷ் ஃபான்ட்லயே தமிழ டைப் பண்ணாதீங்க, பொருந்தாத எழுத்து வந்து மொத்த அழகும் போயிடும். முக்தா மலர் (Mukta Malar), கேட்டமரன் (Catamaran), பாலு தம்பி (Baloo Thambi) மாதிரி தமிழ் ஃபான்ட்டா தேடி மாத்துங்க, குழந்தைங்க கதை நேரத்துக்கு பாலு தம்பி அவ்ளோ பொருத்தமா இருக்கும். பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணி வச்ச மேட்டர்னா முதல்ல, இப்ப எல்லாரும் பயன்படுத்துற யூனிகோடு எழுத்துக்கு மாத்திட்டு அப்புறம் பேஸ்ட் பண்ணுங்க.

என்ன நிகழ்ச்சி, எந்த தேதி, எத்தனை மணி, எந்த இடம், இது நாலும் ரெண்டு மூணு அடி தள்ளி நின்னாலும் தெரியணும், தலைமை தாங்குறவங்க பேரு பட்டியல கீழ சின்னதா போட்டா போதும்.

ஜெராக்ஸ் எடுக்கப்போறீங்கன்னா ஏ4 சைஸ், வெள்ளை பேக்ரவுண்ட், கருப்பு எழுத்து, டவுன்லோட் பண்றப்ப பிடிஎஃப் பிரிண்ட். வாட்ஸ்அப்புக்குன்னா பிஎன்ஜி, அதையும் டாக்குமெண்ட்டா அனுப்புங்க, எழுத்து மங்காது.