வால்நட்சத்திரத்தின் தூசுத் தாரைகளைப் படத்திலிருந்து வெளிக்கொணர்வது எப்படி?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரோசெட்டா விண்கலம் 2014 ஆகஸ்டு முதல் 2016 செப்டம்பர் வரை 67பி சுரியுமோவ்–கெராசிமென்கோ வால்நட்சத்திரத்தின் கூடவே பயணம் செய்தது. அது அனுப்பிய படங்கள் பலவற்றில், கறுப்பு வானத்தில் ஒரு கரடுமுரடான பாறை, அதாவது வால்நட்சத்திரத்தின் கரு, மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து பீறிடும் தூசுத் தாரைகளும் அதே படத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல என்பதுதான் விஷயம்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

முகமையின் இணையக் காப்பகத்தில் நேவ்கேம் (விண்கலத்தின் வழிகாட்டிக் கேமரா) படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் 1024க்கு 1024 பிக்சல். வால்நட்சத்திரம் சூரியனை மிகவும் நெருங்கிய நாள் 2015 ஆகஸ்டு 13. அதையொட்டிய வாரங்களின் படங்களை எடுங்கள். ஒளி பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும், பாறையைச் சுற்றிலும் தாராளமாக வானம் இருக்க வேண்டும்.

அந்த வாரங்களில் பாறை சிறிதாகத்தான் தெரியும். ஆகஸ்டு 13 அன்று விண்கலம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒதுங்கியிருந்தது. காரணம் தூசுதான். 2015 மார்ச் 28 அன்று 14 கிலோமீட்டர் வரை நெருங்கியபோது, திசை காட்டும் விண்மீன் கேமராக்கள் தூசுத் துகள்களை விண்மீன்கள் என்று நினைத்துக் குழம்பிப்போயின.

படி 2: கறுப்பை இழுங்கள்

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்து, கலர்ஸ் பட்டியலில் லெவல்ஸைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தின் வலக்கோடியில் உள்ள வெள்ளை முக்கோணத்தை மெதுவாக இடப்பக்கம் நகர்த்துங்கள். பாறை வெளுத்துப்போகும், போகட்டும், நமக்கு அது தேவையில்லை. ஓரிடத்தில் பாறையின் விளிம்பிலிருந்து மங்கலான கோடுகள் விசிறியாக விரியத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் இழுத்தால் வானம் பட்டை பட்டையாக உடையும், குறிப்பாக ஜேபெக் கோப்பில். கூடுமானவரை வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் வடிவக் கோப்பையே பயன்படுத்துங்கள்.

படி 3: அசலா, போலியா?

புதியவர்கள் அவசரப்படும் இடம் இது. வானில் தனித்து நிற்கும் வெண்புள்ளிகளும் சிறு கீறல்களும் தாரைகள் அல்ல. அவை கேமராவுக்கு அருகே மிதந்த துகள்களாக இருக்கலாம், உணரியில் மோதிய காஸ்மிக் கதிர்களாகவும் இருக்கலாம். தாரைக்கு வேர் உண்டு. பின்னோக்கிப் போனால் அது பாறையில் முடியும், பெரும்பாலும் வெயில் படும் பக்கத்தில். பாறை ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. அடுத்தடுத்த படங்களில் தாரையும் அதன் வேரோடு சேர்ந்து நகர்கிறதா என்று பாருங்கள்.

விரிந்த தூசுக்கு நடுவே ஓர் இருண்ட பட்டை ஓடினால் பிழை என்று அழித்துவிடாதீர்கள். அது பாறையின் நிழல், தூசின் மேல் விழுந்திருக்கிறது. எனக்கு இந்தப் படங்களில் மிகவும் பிடித்தது அதுதான்.

படி 4: அளந்து பாருங்கள்

நேவ்கேமின் பார்வைக்கோணம் 5 பாகை. 100 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 8.5 மீட்டர். தொலைவு இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். 100 கிலோமீட்டர் தொலைவில் தாரையின் நீளம் 200 பிக்சல் என்றால் 1.7 கிலோமீட்டர். தாரை நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் உண்மை நீளம் இதைவிட அதிகம். ஆகவே கிடைப்பது குறைந்தபட்ச அளவுதான்.

வேகத்துக்கும் இதே கதைதான். 2015 ஜூலை 29 அன்று 186 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ரோசெட்டாவின் அறிவியல் கேமராவான ஓசிரிஸ் 18 நிமிட இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்தது. முதல் படத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பாறையின் இரு பெரும் பகுதிகளை இணைக்கும் கழுத்துப் பகுதியிலிருந்து கூர்மையான தாரை. மூன்றாவதில் அதன் சுவடு மட்டும். அதிலிருந்து விஞ்ஞானிகள் கணித்த வேகம் நொடிக்குக் குறைந்தது 10 மீட்டர். 67பியின் ஈர்ப்பிலிருந்து தப்ப நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே போதும் என்பதால், அந்தத் தூசு திரும்பி விழுந்திருக்க வாய்ப்பில்லை.