ஊழியப் பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தீங்கநுபவி" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஆனால் ஊழியத்தில் வரும் கஷ்டமெல்லாம் அந்த வசனத்தில் அடங்காது. எல்லாவற்றையும் "சிலுவை" என்று சொல்லிச் சுமப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர். சுவிசேஷத்தினால் வந்த எதிர்ப்பு வேறு, காணிக்கைக் கணக்கைக் காட்டாததால் சபையில் எழுந்த சண்டை வேறு. பேதுருவும் இதைப் பிரித்தே பேசுகிறார் (1 பேதுரு 4:15). ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதிப் பாருங்கள்: சுவிசேஷத்தினால் வந்தது, நம் தவறால் வந்தது, நோய், கடன் போல எல்லாருக்கும் வருவது. முதலாவதைச் சகிக்க வேண்டும். இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்டு, கணக்கை நேராக்க வேண்டும். மூன்றாவதற்கு ஜெபத்தோடு மருத்துவமும் சிக்கனமும் வேண்டும். எழுதியதை ஒரு மூப்பரிடம் காட்டுங்கள். தனியாக எழுதினால், நம் தவறால் வந்ததையும் சுவிசேஷத்தினால் வந்ததென்று முதல் பத்தியில் எழுதிவிடுவோம்.

உடல் களைப்பை அவிசுவாசம் என்று நினைப்பது அடுத்தது. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். அதுவும் இரண்டு முறை. ஓரேப் மலையில் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். சோர்ந்தவுடன் மூன்று நாள் உபவாசத்தில் இறங்குவது பலருடைய வழக்கம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஞாயிறு போதகருக்கு வேலை நாள். ஓய்வுக்கு வாரத்தில் வேறொரு நாளை ஒதுக்குங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

பாடுகளைத் தனியாகவே சுமப்பது இன்னொரு தவறு. எலியா தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வனாந்தரத்துக்குப் போனான். பவுலோ கடைசிக் கடிதத்தில் துரோவாவில் விட்ட மேலங்கியைக் கேட்கிறார், மாற்குவைக் கூட்டிவரச் சொல்கிறார், மாரிகாலத்துக்கு முன் வரும்படி அழைக்கிறார். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பள்ளிக் கட்டணத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று தொகையாகவே சொல்லுங்கள். வங்காளத்தில் இருந்த செராம்பூர் மிஷனரிகள் சனிக்கிழமை மாலையைத் தங்களுக்குள் வந்த மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கவே ஒதுக்கியிருந்தார்கள்.

குடும்பத்தின் பாட்டை மறப்பதும் ஒரு தவறு. செராம்பூரில் ஊழியம் செய்த வில்லியம் கேரியின் பொறுமையைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். 1793-இல் வங்காளம் வந்தவருக்கு, முதல் விசுவாசியாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்ற 1800 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் மனைவி டாரதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. முதலில் வர மறுத்து, பிறகு இசைந்து வந்தவர். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். பின்பு டாரதியின் மனநலம் குலைந்து, 1807-இல் மரிக்கும்வரை தேறவில்லை. இன்றும் புதிய ஊருக்குப் போகுமுன் மனைவியின் சம்மதத்தை வேறொரு மூத்த சகோதரி தனியாகக் கேட்டறிவது நல்லது. கணவர் முன்னால் பலர் "சரி" என்றுதான் சொல்வார்கள்.

சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்பதும் தவறு. பவுல் பிலிப்பியில் தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார், பின்பு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். தாக்குதல் நடந்தால் நாள், நேரம், சாட்சிகளை அன்றே எழுதுங்கள். புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஆத்திரத்தில் வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். போதகர் வேறு ஊருக்குப் போகலாம், அங்கேயே வாழ வேண்டிய விசுவாசிகளை முதலில் கேளுங்கள்.