மொத சோலோ ஆல்பம் பண்றீங்களா? ட்ரம்ஸ கடைசில வைக்காதீங்க

போன மாசம் ஒரு தம்பி லேப்டாப்போட வீட்டுக்கு வந்தான், பேண்ட விட்டு வெளிய வந்து மொத சோலோ ஆல்பம் பண்றானாம். ஒன்பது பாட்டு, கிதார், பேஸ், வாய்ஸ் எல்லாம் பெட்ரூம்லயே முடிச்சாச்சு. "ட்ரம்ஸ் மட்டும்தாண்ணா பாக்கி"ன்னான். எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி நானும் இதையேதான் இதே மாதிரி இளிச்சுகிட்டு சொன்னேன். ட்யூனிங் பாரு, பேக்கப் எடு மாதிரி விஷயமெல்லாம் இங்க எழுதப்போறதில்ல, அதுக்கு யூட்யூப் இருக்கு.

தனியா பண்றேன்னு ட்ரம்ஸ கடைசிக்குத் தள்றது

கேட்டா எல்லாரும் நிர்வாணா பேண்ட் ட்ரம்மர் டேவ் க்ரோலதான் இழுப்பாங்க. அந்த பேண்ட் பாடகர் கர்ட் கோபேன் செத்துப்போய் ஆறு மாசம் கழிச்சு, 1994 அக்டோபர்ல, சியாட்டில் பக்கத்துல ராபர்ட் லாங் ஸ்டுடியோவுல ஒரு வாரத்துக்குள்ள ஆல்பம் மொத்தத்தையும் தனியாளா வாசிச்சு முடிச்சாரு. வேற ஆள் வாசிச்சது கிரெக் டல்லியோட ஒரே ஒரு கிதார் பார்ட்தான். 1995ல ஃபூ ஃபைட்டர்ஸ்ங்கற பேர்ல வந்துச்சே, அதான். நம்ம பசங்க இதுல "தனியா"ங்கறத மட்டும் கெட்டியா புடிச்சுக்கறாங்க. மனுஷன் அடிப்படைல ட்ரம்மருங்க, பாட்டு மொத்தமும் மண்டைக்குள்ள ஓட ஓட மொதல்ல ட்ரம்ஸதான் அடிச்சாரு, அப்புறம்தான் கிதார தொட்டாரு. அதுல பல பாட்டு நிர்வாணா காலத்துலயே டெமோவா கெடந்தது வேற. ரெக்கார்டிங் போர்ட்ல பழைய கூட்டாளி பேரட் ஜோன்ஸ் உக்காந்திருந்தாரு. அந்தத் தனி வேற, நம்ம பெட்ரூம் தனி வேற.

நான் என்ன பண்ணேன்னா 92 பிபிஎம் (நிமிஷத்துக்கு 92 அடி) க்ளிக்க, அதாவது தாளம் புடிக்க டிக் டிக்னு ஓடுற சத்தத்த, போட்டு எல்லா கிதாரையும் வீட்லயே ஃபைனலா எடுத்துட்டு, ரெண்டு நாள் ஸ்டுடியோ புக் பண்ணி ட்ரம்மர கூப்டேன். மூணாவது பாட்டு கோரஸ்ல நின்னுட்டாரு. கோரஸ் வந்தாலே என் கை க்ளிக்க விட கொஞ்சம் முந்துது, தனியா கேக்கும்போது தெரியவே இல்ல, ஆனா அவரோட ஸ்நேர் ட்ரம் அடி சரியா விழுந்ததும் ஒரு அடி ரெண்டு அடியா "டடக்"னு கேக்குது, ரெண்டு பேர் ஒரே கதவ தட்டுற மாதிரி. "ண்ணா, கிதார்தான் என் மேல உக்காரணும், நான் கிதார் மேல உக்கார முடியாது"ன்னாரு. எடிட்ல நவுத்தலாம்னு ஒவ்வொரு ஸ்ட்ரம்மா வெட்டுனோம், கம்பி ரிங்காகுறது பாதில அறுந்து அசிங்கமா ஆயிடுச்சு. இருபத்தெட்டாயிரம் போச்சு, கிதார் பூரா திரும்ப எடுத்தேன். ஒரு பாட்டுக்கு மட்டும் சோம்பேறித்தனத்துல அப்படியே விட்டேன், இன்னிக்கும் அது ஓடுனா ரெண்டாவது கோரஸ்ல இடது காது இயர்போன கழட்டிடுவேன்.

பண்ண வேண்டியது சிம்பிள். கிதாரும் வாய்ஸும் ரஃப்பா ஒரு ஸ்க்ராட்ச் எடுங்க, குக்கர் விசில் விழுந்தாலும் பரவால்ல, எப்படியும் தூக்கிப் போடப்போறது. கோரஸ் ஏறணும்னா க்ளிக்கயே 94க்கு ஏத்தி வைங்க. அது மேல ட்ரம்ஸ். அப்புறம்தான் மத்ததெல்லாம். ட்ரம்மருக்குக் காசு இல்லன்னா ப்ரோகிராம் பண்ணுங்க, ஆனா அதையும் மொதல்லயே பண்ணுங்க.

வாய்ஸ புதைக்கறது

பேண்ட்ல பின்னாடி நின்னு பாடுனவங்களுக்கு மிக்ஸ்ல சொந்தக் குரல் வெளிய கேட்டாலே கூச்சம். க்ரோலுக்கும் தன் குரல் மேல நம்பிக்கை கம்மிதான், அதனால ஒரே வரிய ரெண்டு தடவ பாடி ஒண்ணு மேல ஒண்ணு வச்சாரு. அதப் பண்ணுங்க, வாய்ஸோட ஃபேடர எறக்கி சத்தத்த கொறைக்காதீங்க.

பேண்ட்ல சேந்து போட்ட பாட்டு

உங்க ஆல்பத்துல வைக்கணும்னா கூட போட்டவங்ககிட்ட சம்மதத்த எழுதி வாங்குங்க. வாட்ஸாப்ல "ஓகே மச்சி" கணக்குல வராது.

மாஸ்டரிங்ல (கடைசி மெருகு) சத்தத்த ஏத்தறது

ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லாத்தையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்குற சத்தத்த அளக்கற அளவு) பக்கம் கொண்டு வந்துடும். நீங்க மைனஸ் 6 வரைக்கும் நசுக்கிக் குடுத்தா அது சத்தத்த கொறச்சுடும், நசுங்குன ஸ்நேர் மட்டும் நசுங்குனபடியே இருக்கும்.

கடைசி நேர அப்லோட்

ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்ல பாட்ட சேக்கச் சொல்லி பிட்ச் பண்ண, ரிலீஸுக்கு முன்னாடி கொறஞ்சது 7 நாள் வேணும். நான் வெள்ளிக்கிழம ரிலீஸுக்கு புதன்கிழம ஏத்துனவன்.

பதினாலு பாட்டு

வேணாம்.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிண்ணா, ஆனா ஆறாவது பாட்டு கிதார் செமயா வந்திருக்கு, அத மட்டும் வச்சுக்கவா?"ன்னான். போடுன்னேன். டேபிள்ல ஸ்நேர் தட்டிட்டே கேட்டோம். கோரஸ் எட்டாவது பார்ல, டடக்.