செருப்பால் தேய்த்துப் பார்த்து மனை வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் தான் பார்த்துவைத்த மனையைக் காட்டக் கூட்டிப் போனார். பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் பக்காவாக ஃபைலில் இருந்தன. “கீழே என்ன மண்ணு தம்பி?” என்றேன். “செம்மண் சார், நல்ல கெட்டி” என்று செருப்பால் தேய்த்துக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. கட்டட வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் தேய்த்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். பத்திரத் தவறுகளை வக்கீல் பார்த்துக்கொள்வார். மற்றதைச் சொல்கிறேன்.

கொட்டிய மண்ணைச் சொந்த மண் என்று நம்புவது

நான் வாங்கியது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பக்கம். அஸ்திவாரத்துக்குக் குழி எடுத்த அன்று இரண்டடி வரை அழகான கிராவல் வந்தது. அப்புறம் உடைந்த டைல்ஸ், பாலிதீன் பை, ஒற்றைச் செருப்பு, ஒரு சாக்கு நிறைய சலூன் முடி. அதற்கும் கீழே கறுப்புக் களிமண், அழுகிய முட்டை நாற்றம். ஜேசிபி டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டார்.

குப்பை மக்க மக்க மண் ஒரே சீராக இறங்காது, ஒரு மூலை மட்டும் இறங்கும். சுவர் வெடிப்பது அங்கேதான். களிமண்ணோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கடைசியில் குப்பை முழுவதையும் லாரி லாரியாக அள்ளிவிட்டு, அண்டர்ரீம்டு பைல் (ஆழத்தில் இறங்கி, அடியில் குடம் போல அகன்று நிற்கும் கான்கிரீட் தூண்) போட்டுத்தான் வீட்டைத் தூக்கினேன். அஸ்திவாரத்துக்கு ஒதுக்கிய பணம் இரண்டு மடங்கானது. அட்வான்ஸுக்கு முன்னால் ஜேசிபிக்கு ஒரு மணி நேர வாடகை கொடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

குழி ஆறேழு அடி போகட்டும். ஒன்று போதாது, மூன்று எடுங்கள். ஒன்றாவது பின்மூலையில் இருக்கட்டும். ரோட்டோரம் எப்போதும் நன்றாகத்தான் நிரப்பியிருப்பார்கள். ராத்திரி முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டு (மாடு விழுந்தால் அது தனிப் பஞ்சாயத்து), காலையில் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பாருங்கள். தோண்ட விடமாட்டேன் என்பவரிடம் நான் அதோடு பேச்சை முடித்துக்கொள்வேன்.

அதற்கும் முன்னால், கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். நீங்கள் வாங்கப் போவது குட்டையாக இருந்ததா என்பது காசில்லாமல் தெரிந்துவிடும்.

டிடிஎஸ் பேனாவோடு திருப்தி அடைவது

அந்தப் பேனா தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைத்தான் குத்துமதிப்பாகக் காட்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் போலத் தோல் பதனிடும் ஊர்களில் பயப்பட வேண்டியது குரோமியம் என்ற உலோகத்துக்கு. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பேனாவுக்கு அது கண்ணிலேயே படாது. பக்கத்து வீட்டு போர்வெல்லைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடித்து, ஆய்வகத்தில் கொடுங்கள். குரோமியம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

சித்திரையில் மட்டும் போய்ப் பார்ப்பது

ஐப்பசி மழையில் ஒருமுறை போங்கள். முடியாவிட்டால், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்கள். கையை வைத்தே காட்டுவார்.

காலையில் மட்டும் போவது

மனை குப்பைக் கிடங்குக்கு மேற்கே இருந்தால், மத்தியானம் கடற்காற்று ஏறும்போது போங்கள், நாற்றம் அப்போதுதான் தெரியும்.

அந்தத் தம்பியின் மனையில் வரும் ஞாயிற்றுக்கிழமை குழி எடுக்கிறோம். “ஒரு குழிதான், அதுவும் ரோட்டுப் பக்கம்” என்கிறாராம் விற்பவர்.